மேசை தராத ஊர்

முப்பத்தொரு வருஷம் நான் ஒரே மேசையில் வேலை பார்த்தேன். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரி லேப். ஜன்னலோரம் ஒரு நுண்ணோக்கி, கைக்கெட்டும் தூரத்தில் கேஸ் விளக்கு, இடது பக்கம் பூஞ்சை வளரும் தட்டுகள். மற்றவர்களுக்கு பாக்டீரியா, அது ராத்திரி வைத்தால் காலையில் முளைத்து நிற்கும். பூஞ்சை அப்படி இல்லை. நகத்தைச் சுரண்டிய தூளைத் தட்டில் போட்டுவிட்டு நாலு வாரம்கூடக் காத்துக் கிடக்கவேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லாததால் அந்த மேசையை என் தலையில் கட்டினார்கள். அப்புறம் நான் அதை விடவில்லை. 'காளான் அக்கா' என்று பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

மேசை என்பது லேப்காரர்களுக்குப் பலகையும் நாலு காலும் அல்ல. உன் கண்ணால் பார்த்ததை உன் கையெழுத்தில் எழுது, அதை நாங்கள் நம்புகிறோம் என்று ஓர் ஊர் ஒருவருக்குக் கொடுக்கும் இடம். ஆறாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய ஜெலுத்தோங் பெண்ணான எனக்கு அது கிடைத்தது. இதே ஊரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, லிவர்பூல், பாரிஸ், ஹாலே என்று மூன்று நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் தொழில் கற்றுத் திரும்பிய ஒருவருக்கு அது கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றபின் வூ லியென் தேயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். அவர் போட்ட முகக்கவசமெல்லாம் அப்புறம்.

1879 மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். அப்பா சீனாவின் தாய்ஷான் பகுதியிலிருந்து வந்த பொற்கொல்லர். அம்மா இங்கேயே பிறந்த ஹக்கா குடும்பத்துப் பெண். வீட்டில் பிள்ளைகள் நிறைய. ஹொக்கியன் உச்சரிப்பில் ஙோ லீன் டக் என்று பெயர் பதிவானது. அந்த டக்கைக் குடும்பப் பெயராக்கி 'மிஸ்டர் டக்' என்றே கேம்பிரிட்ஜ் அவரை அழைத்தது. வூ லியென் தே என்பது சீனா போனபிறகு வந்த உச்சரிப்பு. ஒரே ஆளுக்கு ஊருக்கொரு பெயர். நம் ஊர் ராமசாமி கிளப்பில் ராம்ஸ் ஆனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் வாங்கி, இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீனர் அவர். பிறகு லண்டன் செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரி. (அதே ஆஸ்பத்திரியில்தான் 1928-இல் ஃபிளெமிங்கின் தட்டில் தப்பி விழுந்த ஒரு பூஞ்சை பென்சிலினைக் காட்டிக்கொடுத்தது. என் மேசைக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.) லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் படித்தார். செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கிழித்து மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தாரே, அவர்தான். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் மெச்னிகோஃப். ஜெர்மனியின் ஹாலேயில் ஃபிரெங்கெல். தொற்றுநோய் ஆராய்ச்சி என்ற தொழில் அப்போதுதான் கண் விழித்திருந்தது. அதன் பெரிய ஆட்கள் பாதிப்பேரிடம் இந்தப் பினாங்குப் பையன் கைகட்டி நின்று கற்றிருக்கிறார்.

1903-இல் மலாயா திரும்பினார். கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கியிருந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருஷம் இடம் கிடைத்தது. பெரிபெரி, வயிற்றுப் புழு இரண்டும் அவருடைய பாடம்.

பெரிபெரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் போனால் என் பாட்டி கனவில் வந்து திட்டுவார். கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று சீனத் தொழிலாளிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பக்கத்து லயத்துத் தமிழனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமி என்றார்கள், ஈரத் தரை என்றார்கள். பிராடன் என்ற மருத்துவர் இரண்டு பேருடைய சோற்றுப்பானையையும் எட்டிப் பார்த்தார். சீனர் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து உள்ளே அரிசிக்கு இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பிராடன் இதை 1907-இல் புத்தகமாகவே போட்டார். அவர் அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று நினைத்தார். அதில் இருந்தது குறைதான் என்பதை அதே ஆராய்ச்சி நிலையத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அடுத்தடுத்த சோதனைகளில் காட்டினார்கள். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. "புழுங்கச் சோறு கட்டை கட்டையாக இருக்கிறது" என்று முகம் சுளிக்கும் என் பேரன்களுக்கு இந்தக் கதையை மாதம் ஒருமுறை சொல்கிறேன். பலன் இல்லை.

வூ அந்த முடிவுவரை இருக்கவில்லை. ஒரு வருஷம் முடிந்தது, மேசை போனது. அரசாங்க மருத்துவச் சேவையில் மேல்நிலைப் பதவி எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. கேம்பிரிட்ஜ் பட்டத்தோடு வந்தாலும் உள்ளூர்க்காரர் அவர்களுக்குக் கீழேதான். நல்ல ஆளைத் தெரியாமல் விட்டுவிடுவது ஒரு வகை. இவர் யாரென்று நன்றாகத் தெரிந்து, உபகாரச் சம்பளமும் கொடுத்துப் படிக்கவைத்து, வந்தபின் கதவைச் சாத்துவது வேறு வகை. இரண்டாவதை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

ஆகவே பினாங்குக்கு வந்து சூலியா தெருவில் தனியாக மருத்துவம் பார்க்க உட்கார்ந்தார். சூலியா என்பதே தமிழ் முஸ்லிம்களுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர். தெருவின் ஒரு முனையில் நாகூர் தர்கா, இன்னும் கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அந்தக் கூட்டத்தில் ஒரு சீன டாக்டர். தமிழ்க் கடைக்காரர்களும் அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நினைப்பதற்குக் காசா, பணமா.

சும்மா காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால் பணக்காரராகச் செத்திருப்பார். அபின் பக்கம் போனார். அப்போது அபின் விற்பது அரசாங்கமே குத்தகைக்கு விட்ட வியாபாரம். நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி அதிலிருந்துதான் வந்தது. பினாங்கின் பெரிய பணக்காரர்கள் பலர் குத்தகைதாரர்கள். அந்த ஊரில் அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராக உட்கார்ந்து, 1906-இல் ஈப்போவில் மாநாடும் கூட்டினார். 1907-இல் அவருடைய மருந்தகத்தில் சோதனை நடந்தது. ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் அகப்பட்டது. மருந்துக்காக வைத்திருந்தது, முன்பிருந்த டாக்டரிடம் வாங்கியது என்றார். உரிமம் இல்லை என்று 100 டாலர் அபராதம், மேல்முறையீடும் தோற்றது. தெருவுக்குத் தெரு அபின் கடை திறந்துவைத்த அரசாங்கம், ஓர் அவுன்ஸ் வைத்திருந்ததற்காக அபின் எதிர்ப்பாளரைத் தண்டித்தது. இதைக் கதையாக எழுதினால் மிகை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தச் சமயம் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்சின் நகரில் ராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநர் பதவி. 1908-இல் மூட்டை கட்டினார். சீனர்தான், ஆனால் படிப்பும் பேச்சும் எல்லாம் இங்கிலீஷ்; மாண்டரினை அங்கே போய்த்தான் ஒழுங்காகக் கற்றார்.

1910 டிசம்பர் 24. மஞ்சூரியாவில் பரவிய ஒரு நோயைப் பார்க்க ஹார்பின் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். வயது 31. கூடவே ஒரு மாணவர், கையில் ஒரு நுண்ணோக்கி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி. பினாங்குக் கொடிமலை உச்சியில் 20 டிகிரி அடித்தாலே கம்பளி தேடும் ஊர்க்காரர்களால் அதைக் கற்பனை செய்ய முடியாது. நகரத்தின் சீனப் பகுதியான ஃபூஜியாதியானில் 24 ஆயிரம் பேர், பெரும்பாலும் ஷான்தோங்கிலிருந்து பிழைக்க வந்த கூலிகள், தாழ்ந்த கூரைச் சத்திரங்களில் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி அடைந்து கிடந்தார்கள். இருமல், ரத்தம் துப்புதல், இரண்டு மூன்று நாளில் சாவு.

பிளேக் என்று எல்லோரும் சந்தேகித்தார்கள். பிளேக் என்றால் எலி, எலி மேல் தெள்ளு, தெள்ளு கடித்துத் தொடையிடுக்கில் கட்டி. 1896-இல் பம்பாயில் பார்த்த பிளேக் அதுதான். கோயம்புத்தூர்க்காரர்கள் கும்பிடும் பிளேக் மாரியம்மன் விரட்டியதும் அந்தப் பிளேக்கைத்தான். ஹார்பினில் ஒரு ஜப்பானிய மருத்துவர் எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எலியில் கிருமி இல்லை. ஆகவே பிளேக் உறுதியாகவில்லை என்றார். வாதத்தில் பிழையே இல்லை. பார்த்த இடம்தான் தப்பு.

வூ மனிதரைப் பார்த்தார். டிசம்பர் 27-ஆம் தேதி, சீனரை மணந்து சத்திரம் நடத்திவந்த ஒரு ஜப்பானியப் பெண் இறந்தாள். பிணத்தை அறுப்பது சீன வழக்கத்துக்கு முற்றிலும் ஆகாத காரியம்; வெளியே தெரிந்தால் ஊர் திரண்டுவிடும். அந்த வீட்டின் ஓர் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு மார்பைத் திறந்தார். இதயத்து ரத்தம், நுரையீரல், மண்ணீரல் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, உடலைத் திருப்பித் தைத்து, துணி உடுத்தி, பெட்டியில் வைத்து அனுப்பினார். கண்ணாடித் தகட்டில் பூசி, நீலச் சாயம் ஏற்றினார். இரண்டு முனையும் கறுத்து, நடுவில் வெளிறிய நீள்வட்டங்கள். பிளேக் கிருமி. நுரையீரல் முழுக்க.

மேசை இல்லாத இடத்தில் நடந்த இந்தப் பரிசோதனையை நான் பலமுறை மனசுக்குள் செய்து பார்த்திருக்கிறேன். வெளிச்சம் எப்படி இருந்திருக்கும்? விரல் விறைத்த குளிரில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டிருப்பார். அந்த அறையில் தனக்கே தொற்றும் என்பது அவருக்குத் தெரியும்.

நுரையீரலில் இருந்தால் தெள்ளு தேவையில்லை. இருமல் போதும். எலியே வேண்டாம், மனிதனிடமிருந்து மனிதனுக்கு. இந்த ஒரு முடிவிலிருந்துதான் மீதி எல்லாம் இறங்கியது. பஞ்சை நடுவில் வைத்து மெல்லிய காஸ் துணியை மடித்து, நுனிகளை நீள நீளமாக விட்டுத் தலைக்குப் பின்னால் கட்டும் கவசம். அறுவைக்கூடத்தில் மருத்துவர்கள் முன்பே துணி கட்டினார்கள்தான். ஆனால் கூலியும் போலீஸும் பிணம் தூக்குபவரும், ஓர் ஊரே கட்டவேண்டும் என்றது இவர். மலிவு, எங்கேயும் தைக்கலாம். கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் காது வலிக்கக் கட்டிக்கொண்டு திரிந்தோமே, அதன் பாட்டன்.

பிரெஞ்சுக்காரர் மெஸ்னி, தியன்சின் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர், ஜனவரி தொடக்கத்தில் ஹார்பின் வந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். பிளேக் என்றால் எலிதான் என்ற பழைய பாடத்திலேயே நின்றார். கவசம் கட்டும்படி வூ சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சீனன் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று சத்தம் போட்டதாக வூ பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கவசம் இல்லாமல் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார் மெஸ்னி. ஜனவரி 11-ஆம் தேதி இறந்தார். அதன்பிறகுதான் ஊர் கவசத்தைத் தேடிக் கட்டிக்கொண்டது. ஓர் உயிர் போய்த்தான் உணர வேண்டியிருந்தது என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அதற்குள் கூலிகள் ஆயிரக்கணக்கில் போயிருந்தார்கள். அந்தச் சாவுகள் யாரையும் உணரவைக்கவில்லை.

ஊரை நாலு வட்டாரமாகப் பிரித்து, ஆளுக்கொரு நிறப் பட்டை கொடுத்து, வட்டாரம் விட்டு வட்டாரம் போகத் தடை போட்டார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தங்கவைக்க ரஷ்ய ரயில்வேயிடம் 120 சரக்கு வண்டிகளைக் கடன் வாங்கினார்கள். மயானத்தில் வேறொரு பிரச்சினை: மண் கல்லாக உறைந்துவிட்டது. தோண்ட முடியாமல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள் பெட்டியிலும் பெட்டி இல்லாமலும் வரிசையாகக் கிடந்தன. எலி எதுவும் கடித்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. எரிக்கவேண்டும் என்றார் வூ. நமக்கு எரிப்பது பெரிய விஷயமில்லை. முன்னோரைப் புதைத்து வணங்கும் ஒரு சமூகத்திடம் அதைக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சீன அண்டை வீட்டாரோடு வளர்ந்த எங்களுக்குத் தெரியும். சக்கரவர்த்தியிடமிருந்து அனுமதி வாங்கினார். 1911 ஜனவரி 31, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், சிதைகள் எரிந்தன. அந்தப் புத்தாண்டில் வழக்கம்போல் வீட்டுக்கு வெளியே வெடிக்காமல் வீட்டுக்குள் பட்டாசு கொளுத்துங்கள் என்றும் சொல்லச் சொன்னார். கந்தகப் புகைக்கு ஆச்சு, கெட்டதை விரட்டியதாகவும் ஆச்சு. மார்ச் 1-ஆம் தேதி ஃபூஜியாதியானின் கடைசி நோயாளி. மஞ்சூரியா முழுக்கச் செத்தவர்கள் சுமார் 60 ஆயிரம்.

எங்கிருந்து வந்தது என்பதையும் தேடினார். தார்பகான் என்ற கொழுத்த மலையணில் வகை. அதன் ரோமத்துக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியபோது விலையும் ஏறியது. காலங்காலமாக வேட்டையாடிய மங்கோலியர்கள் தள்ளாடும் அணிலைத் தொடமாட்டார்கள். புதிதாகப் பிழைக்க வந்தவருக்கோ ஓடாத அணில்தான் சுலபமான அணில்.

ஏப்ரலில் முக்டெனில் கூடிய சர்வதேசப் பிளேக் மாநாட்டுக்கு 32 வயது வூ தலைவர். பிளேக் கிருமியை ஹாங்காங்கில் 1894-இல் கண்டவர்களில் ஒருவரான கிடாசாட்டோ கீழே உட்கார்ந்திருந்தார். சூலியா தெருவிலிருந்து மூன்றே வருஷம்.

எலியில் இல்லை, ஆகவே நோயில்லை. இந்த வாக்கியத்தை நான் வேறு உருவத்தில் என் மேசையிலேயே கேட்டிருக்கிறேன். ஓய்வுக்குச் சில மாதம் முன்னால், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து ஓர் ஈஸ்ட் வளர்ந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் மெஷினில் போட்டாள்.

"அக்கா, மெஷின் கேண்டிடா ஹீமுலோனின்னு சொல்லுது. எழுதிடவா?"

"மெஷின் சொன்னது இருக்கட்டும். நீ என்னம்மா பார்த்தே?"

பார்த்தோம். 42 டிகிரி சூட்டில் வைத்தும் வளர்ந்தது. ஃபுளுகோனசோல் வட்டைச் சுற்றி ஒரு வெற்றிடமும் விழவில்லை. மருந்தின் ஓரம்வரை வளர்ந்து நின்றது. பெரிய லேப்புக்கு அனுப்பினோம். கேண்டிடா ஆரிஸ் என்று பதில் வந்தது. 2009-இல்தான் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து அதற்குப் பெயரே வைத்தார்கள். பழைய மெஷின்களின் பட்டியலில் அந்தப் பெயர் கிடையாது; பட்டியலில் உள்ள பக்கத்துப் பெயரைச் சொல்லிவிடும். கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூஞ்சை, ஆஸ்பத்திரிக்குள் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும். அன்று சாயங்காலம் அந்தப் படுக்கையைத் தனியாக்கினார்கள்.

பூஞ்சைக்கு மருந்து குறைவு என்பது பலருக்குத் தெரியாது. பாக்டீரியாவின் உடம்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம். அதைக் கொல்லும் மருந்துகள் ஏராளம். பூஞ்சையின் செல் நம் செல்லுக்குப் பங்காளி. அதை அடிக்கும் கம்பு நம் மேலும் படும். ரத்தத்துக்குள் போன பூஞ்சைக்குக் கொடுக்க விரல்விட்டு எண்ணும் அளவு மருந்து வகைகள்தான். அதில் ஒன்றுக்கு அது பழகிவிட்டால் கையில் மிச்சம் கொஞ்சமே. படர்தாமரைக்கும் இப்போது அந்தக் கதி. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தேய்த்துத் தேய்த்து, டெர்பினாஃபைனுக்கு மசியாத படர்தாமரை இந்தியாவில் பெருகி, ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது. அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கை பரபரக்கும்.

வூவின் மீதி வாழ்க்கையை நான் வேகமாகத்தான் சொல்ல முடியும், அது அவ்வளவு நீளம். 1912-இல் வடமஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவை. ஆஸ்பத்திரிகளும் ஆய்வுக்கூடமுமாக அவருக்கென்று நிஜமான மேசை கடைசியில் அங்கேதான். 1920-21-இல் நுரையீரல் பிளேக் மறுபடி வந்தபோது சாவு ஒன்பதாயிரம் அளவில் நின்றது. 1926-இல் நுரையீரல் பிளேக் பற்றிய பெரிய நூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930-இல் ஷாங்காயில் சீனாவின் தேசியக் குவாரண்டின் சேவைக்குத் தலைவர். 1935-இல் நோபெல் பரிசுக்குப் பரிந்துரை.

குவாரண்டின் என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்குப் புலாவ் ஜெரேஜா வந்துவிடும். பினாங்குப் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் அந்தப் பச்சைத் தீவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளிகளை வைத்தார்கள். அப்புறம் கப்பலில் வந்திறங்கும் கூலிகளையும். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த என் தாத்தா அங்கே இறக்கப்பட்டவர். துணியை அவிழ்க்கச் சொன்னது, மருந்துத் தண்ணீர் ஊற்றியது, தகரத் தட்டில் சோறு, கம்பிக்கு அந்தப் பக்கம் ஊர் விளக்கு தெரிந்தது, எல்லாம் சாகும்வரை சொல்வார். மேல்தட்டுப் பிரயாணிகள் நேரே துறைமுகத்தில் இறங்கிப் போனதையும் சேர்த்துத்தான். ஹார்பினின் சரக்கு வண்டிகளிலும் என் தாத்தா மாதிரி ஆட்கள்தான் இருந்திருப்பார்கள். அந்த வண்டிகள் இல்லாவிட்டால் செத்தவர் தொகை கூடியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கங்களை டாக்டரின் கண்ணால் மட்டும் என்னால் படிக்க முடிவதில்லை.

1937-இல் ஜப்பானியர் ஷாங்காய்க்கு வந்தபோது வூ மலாயாவுக்கே திரும்பினார். ஈப்போவில் ஒரு கடைவீட்டில் கிளினிக் போட்டார். உலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், எண்பது வயது நெருங்கும்வரை அங்கே உட்கார்ந்து இருமலும் காய்ச்சலும் பார்த்தார். 1959-இல் தன்வரலாறு வந்தது. பினாங்கில் வீடு வாங்கிக் குடிவந்து சில நாளில், 1960 ஜனவரி 21-ஆம் தேதி, இறந்தார். இப்போது ஃப்ரீ ஸ்கூலில் ஒரு விளையாட்டு அணிக்கு அவர் பெயர்; ஒரு குடியிருப்புக்கும் அவர் பெயர்.

போன மாதம் ஒரு காலையில் சூலியா தெருவில் நடந்தேன். அவர் உட்கார்ந்த கடைவீடு எதுவாக இருக்கும் என்று ஒவ்வொரு ஐந்தடி வராந்தாவாக நின்று நின்று பார்த்துக்கொண்டு போனேன். பழைய புத்தகக் கடை, பயணியர் விடுதி, நாசி கண்டார். காசு மாற்றும் கடையிலிருந்த தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"ஒரு டாக்டர் கிளினிக், தம்பி. டாக்டர் வூ."

"சீன டாக்டரா? எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் வெளியே இறங்கி வந்து, கையை நீட்டி, மூலையில் ஒரு பல் டாக்டரின் போர்டைக் காட்டினார்.